பசுவுக்கு அம்மை... பால் குடிக்கலாமா?

காக்களூர் பால் பண்ணையிலிருந்து வரும் ஆவின் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது, அது எந்த மாட்டுப் பாலோ என்று யோசித்ததுண்டா? 2022-ல் பலரும் யோசித்தார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் உடம்பெல்லாம் கட்டி வந்து மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்த வருஷம் அது. 'பால் வாங்கலாமா, வேண்டாமா?' என்று ஒரே பேச்சு!

அந்தத் தோல் கழலை நோய் இந்தியாவுக்குள் தெரியவந்தது 2019-ல், ஒடிசாவில். வெறும் கண்ணுக்குப் பூச்சி கடித்த தடிப்பு மாதிரியும் தோன்றும். போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகுதான் வைரஸ் இன்னதென்று உறுதியானது. அதனால் என்ன லாபம் என்கிறீர்களா? இந்த வைரஸ், ஆட்டம்மை வைரஸுக்குப் பங்காளி. ஆகவே கைவசமிருந்த ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட முடிந்தது. மனிதருக்கு இது தொற்றாது. பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், போதும்.

ஆனால் மாடு கன்று வீசினால் கதையே வேறு. புரூசெல்லா கிருமியாக இருக்கலாம். பச்சைப் பால் வழியாகவும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் தொடுவதாலும் நமக்கும் வரும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். வீட்டில் மாடு வளர்ப்பவரா? வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை டாக்டரிடம் சொல்லி, மாட்டின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருவள்ளூர்க்காரர்களுக்கு மாதவரம் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றும் தூரமில்லை.