நாய்க்கு அரிப்பு மாத்திரை கொடுக்கலாமா? மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்க



ஆடு வாங்கக் கடன், ஆட்டுக்கு இன்சூரன்ஸ், ஆட்டுக்குத் தடுப்பூசி என்று குழுக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். அந்த ஆட்டைக் காவல் காக்கிற நாயைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கரிசல் காட்டில் கிடை போடுகிறவர்களுக்கும், ஊருக்கு வெளியே பட்டி வைத்திருப்பவர்களுக்கும் நாய் இல்லாமல் ராத்திரி தூக்கம் கிடையாது. நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். நம்ம விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். அவ்வளவு பெருமை உள்ள நாயை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்?

நாய் உடம்பைச் சொறிகிறது, காதை ஆட்டிக்கொண்டே இருக்கிறது, பாதத்தை நக்குகிறது. உடனே வீட்டில் இருக்கிற சளி மாத்திரையையோ அரிப்பு மாத்திரையையோ சோற்றில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். "நமக்குக் கேட்டது, நாய்க்கும் கேட்கும்" என்று நினைக்கிறோம். சில நேரம் ஒன்றும் ஆகாது. சில நேரம் நாய் செத்துப்போகும். எது எதனால் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மனுச மருந்து மிருகத்துக்கு ஆகுமா?

ஒரு பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1990-களில் இந்தியா முழுக்கப் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஏன் என்று பல வருசம் யாருக்கும் தெரியவில்லை. 2004-ல்தான் காரணம் வெளியே வந்தது. வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் கறி வழியாகக் கழுகுக்குள் போய் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. 2006-ல் மத்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. அப்புறமும் மனுசருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை. அதனால் 2015-ல், மனுசருக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி சிறு குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

நாம் மூட்டு வலிக்குப் போடுகிற அதே மருந்துதான் கழுகுக்கு எமனாகிவிட்டது. மருந்தை உடைத்து வெளியே அனுப்பும் வேலை ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறது. நாய்க்கும் அப்படித்தான்.

எது அலர்ஜி, எது உண்ணி?

நமக்கு அலர்ஜி என்றால் தும்மல், மூக்கு ஒழுகல். நாய்க்கு அலர்ஜி பெரும்பாலும் தோலில்தான் தெரியும். காது, பாதம், வயிறு, அக்குள் ஆகிய இடங்களில் அரிப்பு வரும். ஆனால் நம் ஊர் நாய் சொறிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலர்ஜியை இல்லை. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி ஆகிய மூன்றையும்தான்.

காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விலக்கிப் பாருங்க. உண்ணி இருந்தால் அரிப்பு மாத்திரை எத்தனை கொடுத்தாலும் வீண். முடி கொட்டி, தோல் தடித்து, பொருக்கு கட்டியிருந்தால் அது சொறி. அதற்கு வேறு மருந்து. கால்நடை மருந்தகத்தில் காட்டித்தான் வாங்க வேண்டும்.

சொறிக்கு வண்டி ஆயிலைப் பூசுவது பல ஊரில் பழக்கம். நாய் அதை நக்கும், வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துபோகும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தண்ணீர் கலக்காமல் நாய் மேல் ஊற்றுவதும் விசம்தான். இரண்டையும் விட்டுவிடுவோம்.

ஒரே பெயர் இருக்கிறதா, பல பெயர் இருக்கிறதா?

இந்தப் பாடத்தில் மனசில் வைக்க வேண்டிய விசயம் இதுதான். கடையில் "அலர்ஜி மாத்திரை கொடுங்க" என்று கேட்டால் இரண்டு விதம் வரும்.

ஒன்று, தனி மருந்து. உதாரணத்துக்கு செட்ரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை. அதில் செட்ரிசினைத் தவிர வேறு மருந்து கிடையாது.

இன்னொன்று, கூட்டு மருந்து. சளி, காய்ச்சல், தலைவலி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்தது. அலர்ஜி மருந்தோடு பாரசிட்டமால், பினைல்எப்ரின் போன்றவை கலந்திருக்கும். பெயருக்குப் பின்னால் "கோல்டு", "பிளஸ்", "டி" என்று ஒட்டியிருக்கும். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

பாரசிட்டமால் அதிகமானால் நாயின் ஈரல் கெடும், ரத்தமும் கெடும். ஈறு பழுப்பாக மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். பூனைக்கு ஒரே மாத்திரை போதும், உயிர் போய்விடும். மூக்கடைப்புக்குச் சேர்க்கிற பினைல்எப்ரின், சூடோஎபிட்ரின் இரண்டும் நாயின் இதயத்தைத் தாறுமாறாக ஓட வைக்கும். நடுக்கமும் வலிப்பும் வரும். ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அட்டையில் இங்கிலீஷ்தானே இருக்கு, நாங்க எப்படிப் பார்க்கிறது என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. பின்பக்கத்தைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுங்க. "எம்.ஜி." என்ற எழுத்து எத்தனை மருந்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்க. ஒரு இடத்தில்தான் வந்தால் தனி மருந்து. இரண்டு, மூன்று இடத்தில் வந்தால் கூட்டு மருந்து. கூட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. தனி மருந்து என்றாலும் அது எந்த மருந்து என்று தெரிய வேண்டும், தனிப் பாரசிட்டமாலிலும் ஒரு "எம்.ஜி."தான் இருக்கும்.

பெயரை நம்பி ஏமாறவும் வேண்டாம். வெளிநாட்டில் நாய்க்கு பெனட்ரில் கொடுக்கலாம் என்று பிள்ளைகள் செல்போனில் பார்த்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது அலர்ஜி மாத்திரை. இங்கே அதே பெயரில் நாம் வாங்குவது இருமல் மருந்து. அதில் அமோனியம் குளோரைடு, மென்தால் எல்லாம் கலந்திருக்கும். பெயர் ஒன்று, சரக்கு வேறு. சர்க்கரை சேர்க்காத சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். அதுவும் நாய்க்கு ஆபத்து.

எவ்வளவு கொடுப்பது?

தனி செட்ரிசினுக்கு, நாயின் எடையில் 1 கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு தடவை என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. 10 கிலோ நாய்க்கு 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. 5 கிலோ நாய்க்குப் பாதி. இந்தக் கணக்கு, டாக்டர் சொல்வதை நீங்கள் புரிந்துகொள்வதற்காக. முதல் தடவை அவரிடம் கேட்காமல் கொடுக்காதீங்க.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீங்க. சிப்பிப்பாறை நாய் உயரமாக இருக்கும், உடம்பு ஒல்லியாக இருக்கும். பார்வைக்கு எடை கூடத் தெரியும். மிளகாய், பருத்தி மூட்டை போடுகிற எடை மிசின் ஊரில் இருக்கும். முதலில் நீங்க மட்டும் ஏறி நில்லுங்க, அப்புறம் நாயைத் தூக்கிக்கொண்டு நில்லுங்க. முதலில் 52, அப்புறம் 66 என்றால் நாய் 14 கிலோ.

லீவோசெட்ரிசின் என்பது வேறு மாத்திரை, அதன் அளவும் வேறு. டாக்டர் ஒரு தடவை அவில் ஊசி போட்டார் என்பதற்காக நாமாக அவில் மாத்திரை கொடுக்கக் கூடாது. அதில் 25, 50 என்று இரண்டு அளவு விற்கிறது.

குட்டிகள், சினை நாய், பால் கொடுக்கிற நாய், வயசான நாய், வலிப்பு உள்ள நாய், வேறு மருந்து சாப்பிடுகிற நாய் இவற்றுக்கு டாக்டர் பார்க்காமல் எதுவும் வேண்டாம்.

மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுக்கலாம். வாயை அண்ணாத்திப் பிடித்து சிரப்பை ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். கொடுத்த பிறகு கொஞ்சம் தூங்கி வழியும். அன்று ராத்திரி காவலுக்கு ஆள் இருக்கட்டும். மனுசருக்குக் கேட்கிற அளவுக்கு நாய்க்கு இந்த மருந்து கேட்பதில்லை. இரண்டு, மூன்று நாளில் அரிப்பு குறையவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டாதீங்க, மருந்தகம் போங்க.

மாத்திரை வேண்டாம், ஓடுங்க

மூஞ்சி வீக்கம்: குளவி கொட்டினாலும் மூஞ்சி வீங்கும், பாம்பு கடித்தாலும் வீங்கும். நம் காட்டில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. நாய் மோந்து பார்க்கப் போய் மூக்கிலேயே கடி வாங்கும். ஒரு பக்கமாக வீங்கி, தொட்டால் வலியில் கத்தி, ரத்தம் கசிந்து நிற்காமல் இருந்தால் அது பாம்பு. சந்தேகம் வந்தாலே பாம்பு என்று வைத்துக்கொண்டு தூக்கிக்கொண்டு போங்க. அரிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால் காப்பாற்றுகிற நேரம் போய்விடும்.

மூச்சுத் திணறல், ஈறு வெளுப்பு, மயங்கி விழுதல்: இது கடுமையான அலர்ஜியாக இருக்கலாம். ஊசிதான் தேவை.

எச்சில் ஒழுகுதல், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், ஆளை மறந்து கடிக்க வருதல்: இது வெறிநோயாக இருக்கலாம். மாத்திரை கொடுக்கிறேன் என்று வாய்க்குள் கை விடவே விடாதீங்க. கடியோ கீறலோ பட்டால், புண்ணில் எச்சில் பட்டால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிசம் கழுவுங்க. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்க.

தவறான மாத்திரை உள்ளே போய்விட்டால்: அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்க. எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்க. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். கால்நடை மருந்தகத்துக்குப் போன் போடுங்க. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணிலும் உதவி கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் நாய் இருக்கிறது? எத்தனை நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம்?

2. ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கிற சளி மாத்திரை அட்டையைக் கொண்டுவாங்க. எதில் ஒரு மருந்து, எதில் பல மருந்து என்று சேர்ந்து எண்ணிப் பாருங்க. பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் இந்தப் படிப்பு உதவும்.

3. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் போன் எண்ணையும் 1962-ஐயும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்க.

நம் ஆட்டைக் காக்கிற நாய்க்கு வாய் பேசத் தெரியாது. என்ன கொடுத்தாலும் நம்மை நம்பிச் சாப்பிடும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது நம் பொறுப்பு.