கிளாம்ப் போட்ட பிறகே சாப்பாடு

கிட்டார் செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிலரங்கு ஒன்றை நடத்தலாம் என்று யாராவது கிளம்பினால், பேச்சு உடனே ஆசிரியரைப் பற்றிப் போய்விடுகிறது. அமெரிக்காவிலிருந்து யாரை அழைக்கலாம், ஸ்பெயினில் தொழில் படித்தவர் கிடைப்பாரா என்று. ஆசிரியர் முக்கியம்தான். ஆனால் பயிலரங்கு கவிழ்வது அவரால் அல்ல. மூன்றாம் நாள் மதியம், ஒட்டிய பசை காயட்டும் என்று எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருக்கும்போது கவிழ்கிறது. அதனால் இங்கே ஆசிரியருக்குக் கொஞ்சமும் பசைக்கு நிறையவும் இடம் ஒதுக்குகிறேன்.

அடிப்படைக் கணக்கு: எட்டுப் பேர், பத்து நாள், ஒரு தலைமை ஆசிரியர், ஒரு துணை ஆசிரியர், ஒரு தச்சர். எல்லோரும் ஒரே மாதிரி கிட்டார்தான் செய்ய வேண்டும்: ஸ்டீல் கம்பி, 645 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), போல்ட் போட்டு முடுக்கும் கழுத்து. யாராவது ஒருவர் கழுத்துக்கு டவ்டெயில் பொருத்துதான் வேண்டும் என்பார், இன்னொருவர் பன்னிரண்டு கம்பி கேட்பார். இரண்டுக்கும் மறுப்பு. டவ்டெயிலைச் சரியாக உட்காரவைக்கப் புதியவருக்கு ஒன்றரை நாள் போய்விடும். அதுவரை ஆசிரியர் அவருக்கே சொந்தமாகிவிடுவார்.

ஆசிரியரை அவர் செய்த கிட்டாரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நன்றாகச் செய்கிறவர் பலருக்கு, கை செய்வதை வாய் சொல்லத் தெரியாது. ஒரு மணி நேரம் இணையவழியில் உளி தீட்டுவதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும். இரண்டு ஆசிரியர்கள் வந்தால், எந்தப் பசை, எந்த பிரேசிங் (மேற்பலகையின் அடியில் ஒட்டும் குறுக்குக்கட்டைகளின் அமைப்பு), அளவு அங்குலத்திலா மி.மீட்டரிலா என்பதை முன்கூட்டியே எழுதி இருவரிடமும் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். வகுப்பில் மாணவர் முன்னால் அவர்கள் தோல்பசைக்கும் டைட்பாண்ட் மரப்பசைக்கும் சண்டை போடுவது கேட்கச் சுவாரசியமாக இருக்கும். அன்றைய வேலை நடக்காது. அமெரிக்கர் என்றால் தன் மின்கருவிகளைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை 120 வோல்ட், நம்முடையது 230. வெளிநாட்டவரைச் சுற்றுலா விசாவில் வரவழைத்துச் சம்பளம் கொடுக்கிற யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

அடுத்து இடம். சென்னையோ கோவையோ, ஏசி இருக்கும் மூடிய அறை இல்லாமல் தொடங்காதீர்கள். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சென்னைக் காற்றில் சாதாரணமாக 70-ஐத் தாண்டும். அந்தக் காற்றில் உப்பிய மேற்பலகையின் அடியில் குறுக்குக்கட்டைகளை ஒட்டி, பிறகு கிட்டாரை ஏசி அறையில் வைத்தால் பலகை சுருங்கப் பார்க்கும், கட்டை விடாது, நடுவில் விரிசல் விழும். அதனால் ஏசியோடு ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் இரவு பகலாக ஓட வேண்டும். மின்கட்டணம் பார்த்து இரவில் அணைத்தால் பகலில் ஓடியது வீண். வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தொடவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்லது.

ஈரப்பதமானி மலிவாகக் கிடைக்கிறது, மலிவாகவே பொய்யும் சொல்கிறது. சோதிக்க ஒரு வழி: ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சேறு பதத்துக்கு நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் முழுக்க மூடிவையுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 69 காட்டினால் அது ஆறு குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மரம் அந்த அறைக்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிட வேண்டும். இடையில் குச்சி வைத்து அடுக்குங்கள். ஒரு பலகையைச் சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் தயார். மேற்பலகைக்கு ஸ்புரூஸ் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்துக்கும் முதுகுக்கும் நம் ஈட்டி மரம் இருக்கிறது. பிரேசில் ஈட்டி கிடைப்பது சிக்கலானதும் 1969-இல் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் மாறியது இந்திய ஈட்டிக்குத்தான். அந்த மரத்துக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். ரசீது இல்லாமல் யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி பசை. டைட்பாண்ட் ஒட்டினால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கிளாம்பில் இருக்க வேண்டும். அழுத்தம் தாங்கும் இணைப்பு என்றால் ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது. ஒரு கிட்டாரில் இப்படிப் பதினைந்து, இருபது இடம் வரும். ஆகவே அட்டவணையைப் பாடங்களை வைத்துப் போடாதீர்கள், காயும் நேரத்தை வைத்துப் போடுங்கள். காலை வேலை எதுவானாலும் அது ஓர் ஒட்டலில் முடிய வேண்டும். மாலை வேலையும் அப்படியே. சிறிய ஒட்டல்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காயும், பெரியவை இரவில். முதல் நாள் காலை உளி தீட்டல், மதியத்துக்கு முன் மேற்பலகையின் இரண்டு பாதிகளும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சட்டகத்தின் மேல் பலகையை மூடி ஒட்டுவது எப்போதும் மாலை வேலை. கிளாம்ப் போடாமல் யாரும் சாப்பிடப் போகக் கூடாது என்பது கடுமையாகத் தெரியும். இரண்டாம் நாளே பழகிவிடுவார்கள்.

கழுத்து வேலையை உடல் வேலைக்கு நடுவே பிரித்துப் போடுங்கள். பசை காயும்போது கையில் எடுக்க ஒன்று இருக்க வேண்டும். கழுத்தைச் செதுக்குவது எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி எப்போது வேண்டுமானாலும் தொடரக்கூடிய வேலை. அதை எட்டாம் நாளில் மொத்தமாக வைக்கிறவர்கள்தான் மூன்றாம் நாளில் மாட்டுகிறார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை பக்கப்பலகை வளைப்பது. சூட்டுக்குழாய் ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். எட்டுப் பேருக்குப் பதினாறு பலகை, ஒன்றுக்கு அரை மணி என்றாலும் எட்டு மணி நேரம். ஒரு நாள் போயிற்று, உடைந்ததை மாற்ற இன்னும் அரை நாள். குழாய் இரண்டு வாங்குங்கள், ஆளுக்கு ஒரு பக்கத்தை முன்பே வளைத்து அச்சில் மாட்டிவையுங்கள், மற்றொன்றை அவர்கள் வளைக்கட்டும். அதற்கு முன் ஆளுக்கு ஒரு கழிவுத் துண்டு. இரண்டு மி.மீ. கனத்துக்கு இழைத்த பலகையில் நீர் தெளித்துக் குழாயில் அழுத்தினால் முதலில் விறைப்பாகவே நிற்கும். ஆவி கிளம்பும், மரத்தின் இனிப்பு வாசம் வரும், பிறகு சட்டென்று இளகிக் கையோடு வரும். அந்த நொடிக்கு முன்னால் பலத்தைக் காட்டினால் இடுப்பு வளைவில் முறியும். அது கழிவுத் துண்டில் நடந்துவிட்டுப் போகட்டும்.

கிளாம்புக்குக் கையிருப்பைக் கொட்ட வேண்டாம். பலகை ஓரத்தின் உள்பட்டியை ஒட்ட, ரப்பர் பேண்ட் சுற்றிய துணி கிளிப் போதும். ஒரு கிட்டாருக்கே ஐம்பது, அறுபது தேவைப்படும், மூட்டையாக வாங்குங்கள். பைண்டிங் ஒட்டும்போது இறுக்கிச் சுற்ற, நீளவாக்கில் கிழித்த சைக்கிள் டியூபுக்கு நிகரில்லை. குறுக்குக்கட்டையை மேலிருந்து அழுத்திப் பிடிக்க மூங்கில் சிம்பு.

ஃப்ரெட் காடிகளை முன்பே அறுத்துவைத்த விரல்பலகை வாங்குங்கள். இதில் கைத்திறன் காட்ட ஆசைப்படுகிறவர் இருப்பார். வீணையில் மெட்டு மெழுகில் உட்காருகிறது. தவறினால் உருக்கி நகர்த்தலாம். கிட்டாரில் காடி அரை மி.மீ. தள்ளிப்போனால் அந்தப் பலகை அவ்வளவுதான்.

தச்சரைச் சேர்க்கச் சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. வகுப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை மொட்டை உளியால் நடப்பவை. "முன்னங்கை முடியைச் சிரைச்சுப் பாருங்க தம்பி, சிரைக்கலைன்னா அது உளியே இல்ல" என்று சொல்லி, தினமும் காலையில் எல்லா உளியையும் வாங்கிப் பார்க்கிற ஒருவர் வேண்டும். பேண்ட்சா (பட்டை ரம்பம்) ஆசிரியர்கள் கையில் மட்டும். ஈட்டித் தூள் பலருக்கு அரிப்பையும் தும்மலையும் கொண்டுவரும். என்-95 முகக்கவசம் கட்டாயம்.

கட்டணத்தில் பாதியை முன்பணமாக வாங்குங்கள், அளவாக அறுத்த மரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் முன்பணம் திரும்பாது என்றும் எழுதிவிடுங்கள்.

பாலிஷை அட்டவணையில் சேர்க்காதீர்கள். லாக்கர் காய வாரக்கணக்காகும். பத்தாம் நாள் பாலிஷ் போடாமலே கம்பி கட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, அரக்குப் பாலிஷ் ஒரு புட்டியும் பஞ்சுத் துணியும் கொடுத்து அனுப்புங்கள், வீட்டில் போட்டுக்கொள்வார்கள். கம்பி இழுப்புக்கு உடல் அடங்கச் சில வாரம் பிடிக்கும். கம்பியின் உயரம் மாறும். அதனால் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு எல்லோரும் திரும்பி வந்து கம்பியின் உயரத்தையும் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடையும் சரிசெய்ய வேண்டும். அந்த ஞாயிறுக்கும் அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டால் பசை இளகும் என்பதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.