முதியோருடன் ஒரு நாள் உலா

"நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பாட்டி கூறுவது ஆசையின்மையால் அன்று, பிறருக்குப் பாரமாவோமோ என்னும் அச்சத்தால்தான். அவ்வச்சத்தைப் போக்குவதே நல்ல திட்டம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சென்றடையலாம். சுமார் 27 மீட்டர் நீளமுள்ள அர்ச்சுனன் தபசுச் சிற்பம் சாலையோரத்திலேயே உள்ளது. தாத்தா படியேறாமலே காணலாம். சிறுவர்கள் பெற்றோருடன் பின்னுள்ள குன்றில் ஏறி வரும்வரை, பெரியோர் நிழலில் அமர்ந்திருக்கலாம். மருந்தும், குடிநீரும், இட்லிப் பொட்டலமும் கைப்பையிலேயே இருக்கட்டும். மழலையின் பசியும் முதியோரின் அயர்வும் காத்திரா. நண்பகலில் உணவும் ஓய்வும். வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக் கோயில்.

தோழியரே, ஐந்து இடங்களை அவசரமாகப் பார்ப்பதைவிட, இரண்டு இடங்களை அனைவரும் சேர்ந்து காண்பதே மேல்.