பாவாடையில் விளக்கு, படகில் இருட்டு

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 12 வயது. தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் ஆடப் போகிறாள். பாவாடை முழுக்கக் குட்டிக் குட்டி விளக்கு எரிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ரெண்டு வெள்ளிக் கடையில் பேட்டரி விளக்குச் சரம் வாங்கி வைத்துவிட்டேன். ஷாக் அடிக்குமா? எப்படித் தைப்பது? ஆட்டம் முடிந்ததும் கோலாலம்பூர் சொந்தக்காரர்களோடு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகிறோம். அந்த உடுப்போடேயே படகில் ஏறலாமா?
– ஒரு தாய், புக்கிட் ரோத்தான்

பதில்: ஷாக் அடிக்காது. இரண்டு டபுள் ஏ பேட்டரி சேர்ந்தாலும் 3 வோல்ட்தான். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது சூட்டை. அந்த மெல்லிய செப்புக் கம்பிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று உண்டு. ஊசி அதைச் சுரண்டி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் பேட்டரி சுடத் தொடங்கும். அதனால் கம்பியைக் குத்தாமல், அதன் மேல் நூலைப் போட்டு அங்கங்கே தளர்வாகப் பிடித்துத் தையுங்கள்.

பட்டுப் பாவாடையை விட்டுவிடுங்கள். பட்டில் விழுந்த ஊசித் துளை மறையாது. நெட் துணியில் மேல் பாவாடை ஒன்று தைத்து, அதற்கும் லைனிங்குக்கும் நடுவே சரத்தை ஓடவிடுங்கள். நெட்டுக்குப் பின்னால் எரியும் விளக்கு கண்ணைக் குத்தாது. இடுப்பிலிருந்து கீழே, மடிப்போடு மடிப்பாகப் போகட்டும். விளிம்பைச் சுற்றி ஓட்டினால் அழகுதான், ஆனால் ஆடுகிற பிள்ளை முதலில் மிதிப்பது விளிம்பைத்தான். வளைந்து வளைந்து கம்பி அங்கேதான் அறும்.

பேட்டரிப் பெட்டியைப் பாவாடையில் தொங்கவிட்டால் ஒரு பக்கம் இழுக்கும். உள்ளே பருத்தித் துணியில் இடுப்புப் பட்டி கட்டி, அதில் ஒரு பை தைத்து வையுங்கள். மேலே ஒட்டியாணம் போட்டால் வெளியே தெரியாது. வேர்வை பட்டால் பேட்டரியின் முனை பச்சை பூத்துவிடும், ஆகவே பைக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் துண்டு. சரத்தை வெல்க்ரோவில் ஒட்டிக் கழற்றும்படி செய்தால் துவைப்பது சுலபம்.

காசு போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 பேட்டரி லேசாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். டபுள் ஏ தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட அது தாங்காது. அதைவிட முக்கியம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மத்தாப்பு கொளுத்தும் முன் உடையை மாற்றிவிடுங்கள். கம்பி மத்தாப்பின் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். நெட் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இதில் மகள் எவ்வளவு அழுதாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த ஆசை புதிதும் இல்லை. 1882இல் லண்டன் சவாய் அரங்கில் ‘அயோலாந்தே’ இசை நாடகத்தில் தேவதைகளாக நடித்தவர்கள் உடையில் பேட்டரியை ஒளித்துக்கொண்டு தலையில் விளக்கு எரிய ஆடினார்கள். 2016 மெட் காலா ஃபேஷன் விழாவில் நடிகை கிளேர் டேன்ஸ் அணிந்த ஒளிரும் கவுனுக்குள் 30 சிறு பேட்டரிப் பெட்டிகள் இருந்தன. உங்கள் மகளுக்கு ஒன்று போதும்.

இனிப் படகு. கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்னுவது ப்டெரோப்டிக்ஸ் டெனர் என்ற வகை மின்மினி. ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, மரம் முழுக்க ஒரே தாளத்தில் மின்னிப் பெண் பூச்சியை அழைக்கின்றன. பக்கத்தில் வேறு வெளிச்சம் வந்தால் அந்த அழைப்பு எடுபடாது. அதனால்தான் அங்கே கைப்பேசி ஃபிளாஷுக்குத் தடை. நமது ஊர் ஆற்றுக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவதே அந்தப் பூச்சிகளுக்காக. நாமே அதைக் கெடுக்கலாமா?

உடுப்போடு போகட்டும், தவறில்லை. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இருட்டில் பிள்ளை கை சும்மா இருக்காது. படகுத் துறையில் இறங்குமுன் பேட்டரி இரண்டையும் கழற்றிக் காரிலேயே வைத்துவிடுங்கள்.