உதட்டைப் பார்த்துச் சேருங்கள்

எடிட்டிங் அறைக்குப் புதிதாக வரும் உதவியாளருக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, சிங்க். கேமரா எடுத்த படம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் வரும், ரெக்கார்டரில் பதிவான குரல் வேறு கார்டில் வரும். இரண்டையும் டேக் டேக்காகச் சேர்த்து முடித்த பிறகுதான் எடிட்டர் வெட்ட உட்கார முடியும். பட்டனைத் தட்டினால் சாஃப்ட்வேரே சேர்த்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தட்டலாம், நானும் தட்டுகிறேன். ஆனால் அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது.

நம் சினிமாவில் நெடுங்காலம் ஸ்பாட்டில் பதிவானது பைலட் ட்ராக் மட்டும்தான். கேமராவின் இரைச்சலும் வேடிக்கை பார்ப்பவர்களின் கூச்சலும் அதில் இருக்கும். நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே டப்பிங்கில் மறுபடி பேசுவார். ‘லகான்’ (2001), ‘விருமாண்டி’ (2004) போன்ற படங்கள் படப்பிடிப்பிலேயே குரலைப் பிடித்தன. அப்படி எடுக்கும் படத்தில், அழுகைக்கு நடுவே நடிகர் இழுத்த மூச்சுதான் தியேட்டர் வரைக்கும் போகும். அதை உரிய ஃபிரேமில் உட்கார வைப்பது நம் பொறுப்பு.

கிளாப்பிலிருந்து தொடங்குவோம். 24 ஃபிரேமில் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 42 மில்லி செகண்ட். கட்டை இறங்கும்போது படம் கலங்கித் தெரியும். இரண்டு கட்டையும் முதன்முதலாக ஒட்டி நிற்கும் ஃபிரேமில் மார்க் போடுங்கள். வேவ்ஃபார்மில் குத்திட்டு எழும் கோட்டின் உச்சியை எடுக்காதீர்கள், அது எழத் தொடங்கும் இடத்தை எடுங்கள். சில டேக்கில் முதல் கிளாப் கேமராவில் விழாமல் மறுபடி அடித்திருப்பார்கள், எது எந்த அடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். போர்டு தலைகீழாகத் தெரிந்தால் அது எண்ட் கிளாப்; டேக்கின் கடைசிக்குப் போக வேண்டும்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு சங்கதி: தூரம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். அதாவது ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டர்தான். கடற்கரையில் காதலர்கள் நடந்து வருகிறார்கள், 30 மீட்டர் தள்ளி டெலி லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைக்குள் இருக்கும் லேப்பல் மைக் குரலை உடனே பிடித்துவிடும். கேமரா மேல் இருக்கும் மைக்குக்கு அதே குரல் இரண்டு ஃபிரேம் கழித்துத்தான் வந்து சேரும். சாஃப்ட்வேர் இரண்டு வேவ்ஃபார்மையும் பொருத்தும்போது, லேப்பல் குரலும் இரண்டு ஃபிரேம் பின்னுக்குப் போய்விடும். சாஃப்ட்வேர் கணக்கில் அது கச்சிதமான சிங்க், திரையில் அப்படித் தெரியாது. கிளாப்பைக் கேமரா பக்கத்திலேயே அடித்திருந்தால் நிலைமை தலைகீழ். தூரத்து லேப்பல் அந்தச் சத்தத்தைத் தாமதமாகக் கேட்டிருக்கும். அதைப் படத்தோடு பொருத்தினால் வசனம் உதட்டுக்கு முன்னால் வந்துவிடும்.

முந்துவது பிந்துவதைவிட மோசம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்துச் சத்தம் தாமதமாக வருவது நமக்குப் பழக்கம், முன்கூட்டி வருவது இயற்கையில் இல்லை. அதற்காகப் பிந்தட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பெரிய தியேட்டரில் கடைசி வரிசைக்கு ஒலி போய்ச்சேரவே ஒன்றிரண்டு ஃபிரேம் ஆகும். நம் பிசகும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே நான் கடைசியில் நம்புவது உதட்டைத்தான். ப, ம வரும் இடத்தில் வாய் மூடியே ஆக வேண்டும். தமிழ் வசனத்தில் ‘அம்மா’வுக்கா பஞ்சம்! ‘அ’வில் திறந்த உதடு ‘ம்’மில் ஒட்டி, ‘மா’வில் பிரியும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள், ஒரு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். கிளாப்பே இல்லாத டேக்கிலும் இதுதான் வழி. வாய் தெரியாத ஷாட் என்றால் கார் கதவு சாத்துவது, டம்ளரை மேசையில் வைப்பது என்று சத்தம் பிறக்கும் ஒரு நொடியைத் தேடுங்கள்.

டேக்கின் தொடக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், நடுவிலும் கடைசியிலும் பாருங்கள். மெனுவில் 24 என்று காட்டும் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் உண்மையில் ஓடுவது 23.976. அதை அப்படியே 24 ஆக மாற்றிப் படித்தால் படம் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாகும். 10 நிமிட டேக்கின் முடிவில் குரல் 14 ஃபிரேம் பின்தங்கியிருக்கும். செல்போனில் எடுத்தது என்றால் ஃபிரேம் வேகமே ஏறி இறங்கும், முதலில் ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுச் சேருங்கள்.

கேமராவிலும் ரெக்கார்டரிலும் பதிவாகும் நேரக் குறியான டைம்கோட் இருந்தால் பாதி பாரம் குறையும். காலையில் கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்கும்படி சவுண்ட் யூனிட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் நாளின் முதல் டேக்கை கிளாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில கேமராக்கள் எப்போதும் ஒரே அளவு தள்ளி நிற்கும். அளவு தெரிந்துவிட்டால் அன்று எடுத்த ரஷஸ் முழுவதையும் அப்படியே நகர்த்திவிடலாம்.

ரெக்கார்டிஸ்ட் கொடுத்த ஃபைலின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். பூம் மைக், ஒவ்வொரு நடிகரின் லேப்பல் எல்லாம் தனித்தனி ட்ராக்காக அந்த ஒரே ஃபைலில் இருக்கும். எடிட்டருக்கு மிக்ஸ் ட்ராக் போதும். பல மாதம் கழித்து வசனத்தைச் சுத்தம் செய்ய உட்காரும் சவுண்ட் எடிட்டருக்கோ, பூமில் விழுந்த லாரி ஹாரனுக்குப் பதிலாக லேப்பலில் அந்த ஒரு சொல் வேண்டியிருக்கும். ஃபைல் பெயரையும் டைம்கோடையும் வைத்துத்தான் அவர் அதைத் தேடி எடுப்பார்.