அந்த இரவுக்குப் பின்
வேதபாடம்: மாற்கு 2:1-12



பெரும்பாக்கம் குடியிருப்பில் ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு தாயார் எங்களிடம் வந்தார்கள். "ஐயா, எங்க பொண்ணு டாக்டருக்குப் படிச்சு முடிச்சா இந்தப் பக்கம் திரும்பி வருவாளா?" என்று கேட்டார்கள். சென்னை ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம் அது. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 2020 முதல் நடைமுறையிலுள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. "வருவாள்" என்று சொல்ல எங்களுக்கு உடனே வாய் வரவில்லை.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனெரி மகள். ஆனாலும் மிஷனெரியாகும் விருப்பம் அவருக்கு இருந்ததில்லை. நோயுற்ற தாயாரைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையிலிருந்த மனைவிக்காக அவரைத் தேடி வந்தனர். மருத்துவரான தகப்பனாரை ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் மரித்தனர்.

இதைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நாங்களும் பலமுறை சொல்லி, அந்த இரவோடே நிறுத்தியிருக்கிறோம். அது எங்கள் குறை. அழைப்பு ஓரிரவில் வந்தது. படிப்புக்கோ ஆண்டுகள் பிடித்தன. 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்திருந்தார். அதைக் கொண்டு 1902-இல் வேலூரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கிற்று.

அந்தப் பள்ளியே வளர்ந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. திருச்சபைகளின் ஆதரவில் அங்கு சேருகிறவர்கள் படிப்பு முடிந்தபின், தேவையுள்ள இடத்து மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இரண்டாண்டு முடிந்ததும் பெட்டி கட்டுகிறவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று பேசுவோர் உண்டு. அப்படிச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. நள்ளிரவில் சிக்கலான பிரசவம் வந்தால் ஆலோசனை கேட்க மூத்தவர் இல்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லை. அங்கே எத்தனை நாள் தனியாக நிற்பார்கள்?

திமிர்வாதக்காரனைச் சுமந்த நால்வரின் பெயர் மாற்கு சுவிசேஷத்தில் இல்லை. கூட்டத்தைக் கண்டதும் பாதிவழியில் ஒருவர் கையை விட்டிருந்தால் படுக்கை சரிந்திருக்கும். முதலாண்டுக் கட்டணத்துக்கு உதவ நம்மில் பலர் முன்வருகிறோம். மூன்றாம் ஆண்டில் அந்த மாணவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறவர்கள் மிகச் சிலரே.

அந்தத் தாயாரின் மகளுக்கு இது இரண்டாம் ஆண்டு. விடுமுறை நாட்களில் நம் வெளிநோயாளர் பிரிவில் மூத்த மருத்துவரோடு அமர்ந்து பார்க்கும்படி அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பேருந்துச் செலவையும் மதிய உணவையும் ஏற்க விரும்புகிறவர்கள் சாப்ளின் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.