குண்டைச் சுற்றிய துணி

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்கு இன்றும் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை எடுத்துப் போகிறார்களாமே! அது குறி தப்பாமல் சுடுமா?

பதில்: சுடும், கெட்டிப்பவருக்குப் பொறுமை இருந்தால். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீளத் துப்பாக்கிகளிலேயே சூட்சுமம் இருக்கிறது. ஈயக்குண்டு குழலைவிட மயிரிழை சிறியது. எண்ணெய் தடவிய துணியில் பொதிந்து இறக்குவார்கள். குழலின் புரிகளைக் கவ்விக் குண்டைச் சுழற்றுவது அந்தத் துணிதான். சுட்டபின் அதைப் பொறுக்கிப் பார்ப்பார்கள். கிழிந்தோ கருகியோ கிடந்தால் வேறு கனத்தில் துணி தேடவேண்டும். கருமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் கசடு என்பதால், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலைத் துடைப்பது நல்லது. (சோம்பேறிகள் இங்கேதான் தோற்கிறார்கள்.) மருந்தின் அளவும் மாறக்கூடாது. குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்காரவேண்டும். இடைவெளி விட்டால் குழலே வெடிக்கக்கூடும். குண்டு முழுதும் இறங்கிவிட்டதா என்று பார்க்கவே கெட்டிக்கும் கோலில் ஒரு கீறல் போட்டு வைத்திருப்பார்கள்.